கானின் வாசல் கட்டை

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. மங்கோலியக் கானுக்குப் பரிசாகச் சம்பா தேசத்து யானை ஒன்று தன் பாகனோடு மலையெல்லாம் ஏறி இறங்கி, அவருடைய பெரிய கூடாரத்து வாசலில் வந்து நின்றது. வாசலுக்குக் குறுக்கே அகலமாக ஒரு மரக்கட்டை கிடந்தது.

காவல் குதிரை சிரித்தது. "இதை மிதிச்சா கானோட சட்டப்படி தலை போயிடும் அக்கா. நாங்க ஒரே துள்ளுல தாண்டிடுவோம். இந்த உடம்பை வச்சுக்கிட்டு நீ எப்படித் துள்ளுவே? நீ மிதிச்சா உன் பாகன் தலைதான் உருளும்."

பக்கத்தில் நின்ற பாகன் ஓரடி பின்வாங்கினான். யானை அதைப் பார்த்தது.

"துள்ளுற பழக்கம் எங்க குலத்துல இல்லை தம்பி. மிதிக்கத்தானே கூடாது?"

தும்பிக்கையால் கட்டையைப் பூமாலை மாதிரித் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பாகனோடு நிமிர்ந்து உள்ளே நடந்தது. அப்புறம் மெல்லத் திரும்பி, குதிரை துள்ளி வரட்டும் என்று கட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தது.