தலையாட்டக் கூடாத பாட்டு

“ஆண்டவன் மனுஷனுக்குக் கழுத்துன்னு ஒண்ணை வெச்சதே, த்ராஷ் மெட்டல் கேட்டுத் தலையை ஆட்டறதுக்குத்தான்க்கா.”

இதைச் சொன்னவனால் அப்போது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்ப்பதற்கே நாற்காலியோடு சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது.

“ஆட்டின லட்சணம்தான் தெரியுதே. ஸ்கேன் சென்டர் வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்க” என்றாள் அக்கா.

நண்பர்கள் அவனை ‘இடி’ என்பார்கள். கல்லூரி இசைக்குழுவில் கிடார் வாசிப்பவன். வரும் சனிக்கிழமை அவர்களுக்கு முதல் மேடை. ஒத்திகையில் ஆடிய ஆட்டத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: “எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வா. ஜவ்வு நல்லா இருந்தா மேடை ஏறு. இல்லேன்னா கிடாரைப் பரண்ல போடு.”

டெக்னீஷியன் அம்மாள் பிளாஸ்டிக் தட்டோடு வந்தார். சங்கிலி, காதில் வளையம், முள் வைத்த கைப்பட்டை, மண்டையோடு போட்ட பெல்ட் என்று இடி கழற்றக் கழற்றத் தட்டு நிரம்பியது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இன்னொரு தட்டு எடுத்து வந்தார்.

“ஹெட்போன் மாட்டுவோம். எல்லாருக்கும் புல்லாங்குழல்தான் போடறது. உங்களுக்கும் அதையே போடட்டுமா?”

இடியின் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆனது.

“புல்லாங்குழலா? மேடம், நீங்க ‘இரும்புத் தாடை’ கேட்டிருக்கீங்களா? அவங்க முதல் ஆல்பத்துல ஆரம்பிங்க. மூச்சு விட விடமாட்டாங்க. அப்புறம் ‘செங்கல் சூளை’. அது ஹார்ட்கோர். பாடறவன் தொண்டைக்குள்ள மணல் லாரி போகும். ரெண்டு கிடாரும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் குதறும் பாருங்க, அடடா!”

“அதைப் போட்டா என் குழந்தை தூங்குமா? ரெண்டு மாசமா படுத்தி எடுக்குது.”

“தூங்கறதா? எழுந்து நடக்கும் மேடம்!”

“நீங்க அவன்கிட்ட வாயைக் குடுக்காதீங்க” என்றாள் அக்கா. “வீட்டுல மிக்ஸி ஓடுதா, இவன் பாட்டு ஓடுதான்னு எங்கப்பாவுக்கே சந்தேகம் வந்துடும்.”

“அப்பாவுக்கு ஞானம் அவ்வளவுதான். இசை எது, இரைச்சல் எதுன்னு பிரிக்கத் தெரியாத காது இருந்தா என்ன, இல்லேன்னா என்ன?” என்ற இடி, ஒரு பென் டிரைவை நீட்டினான். “இரும்புத் தாடையோட புது ஆல்பம், மேடம். நேத்துதான் வந்தது. நானே இன்னும் கேக்கலை. உங்க கண்ணாடி ரூம்லயும் போட்டுக் கேளுங்க. நன்றியெல்லாம் அப்புறமா சொல்லலாம்.”

அவர் வாங்கிக்கொண்டார். “தலை இம்மிகூட அசையக் கூடாது தம்பி. அசைஞ்சா படம் கலங்கிடும். இன்னிக்கு விட்டா அப்புறம் திங்கட்கிழமைதான் இடம் இருக்கு.”

திங்கட்கிழமை என்றால் மேடை போச்சு.

“செத்த பாம்பு மாதிரி கிடப்பேன்” என்றான் இடி.

மெஷின் பலகையில் படுத்தான். முகத்தின்மேல் கூண்டு இறங்கியது. காதில் ஹெட்போன். பலகை நகர்ந்து குழாய்க்குள் போனது. ஹெட்போனில் அந்த அம்மாளின் குரல் ஏதோ கரகரத்தது. ஆரம்பிக்கப் போகிறார் என்று புரிந்துகொண்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

டக். டக். டக். அடக்கமான ஆரம்பம். பெரிய கைகள் அப்படித்தான் ஆரம்பிக்கும். பிறகு திடீரென்று டர்ர்ர்ர் என்று அவிழ்த்து விட்டார்கள். இடிக்குப் புல்லரித்தது. உச்சத்தில் சட்டென்று நிறுத்தி, ஒரு மௌனம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த மகான்கள்!

இரண்டாவது பாட்டு தடதடதட், தட், தடதடதட் என்று வந்தது. அடியில் கிடார் தேனீக்கூட்டம்போல் உறுமியது. பாடகனையே காணோம். குரலே இல்லாமல் ஒரு ஆல்பம் போட என்ன துணிச்சல் வேண்டும்!

பல்லைக் கடித்தான். சனிக்கிழமையை நினைத்தான். மூச்சை அடக்கினான். ஆனாலும் தாடை எள்ளளவு கீழே இறங்கியது. இறங்கியது ஏற வேண்டாமா? ஏறியது. அதற்குப் பிறகு கழுத்து அவன் பேச்சைக் கேட்கவில்லை.

“தம்பி! என்ன பண்றீங்க?”

பலகை வெளியே வந்தது. அந்த அம்மாள் கூண்டைத் தூக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார். வாசலில் அக்கா.

“படம் மொத்தமும் கலங்கிப் போச்சு. அவ்வளவு சொல்லியும் இப்படியா தலையாட்டுவீங்க?”

“என் மேல தப்பில்ல மேடம். பாட்டு அப்படி!” இடியின் கண் கலங்கியிருந்தது. “என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு ஆல்பம் கேட்டதில்ல. அந்த ரெண்டாவது பாட்டுக்குக் கல்லும் ஆடும். தயவு செஞ்சு இன்னொரு தடவை எடுங்க. சனிக்கிழமை நான் மேடை ஏறியே ஆகணும். இந்தத் தடவை பாட்டை நிறுத்திட்டு எடுங்க, அசைஞ்சா கேளுங்க.”

அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. “அடுத்த ஆள் மோதிரம் கழலாம சோப்பு போட்டுக்கிட்டு இருக்கார். அதுக்குள்ள எடுத்துடறேன். ஆனா பாட்டை நிறுத்தச் சொல்றீங்களே, எதை நிறுத்தறது? உங்க பென் டிரைவை எங்க கம்ப்யூட்டர் எடுக்கவே இல்லை. மைக்ல சொன்னதுக்கு நீங்ககூடக் கட்டை விரலைக் காட்டினீங்களே. நீங்க கேட்டது வெறும் மெஷின் சத்தம், தம்பி.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இடி மறுபடி படுத்தான். கூண்டு இறங்கியது. பலகை நகரும் முன், அக்காவுக்குக் கேட்காத குரலில் மெல்லக் கேட்டான்:

“மேடம்... அந்த ரெண்டாவது பாட்டு இந்தத் தடவையும் வருமா?”