பேக்கரித் தொலைபேசி

தொலைபேசி அலறியது. தவமலர் பாய்ந்து எடுத்தாள். புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவளுக்குப் பேக்கரியில் அது முதல் நாள்.

“வணக்கம், பேக்கரி. சொல்லுங்கோ, ஓவர்.”

சற்றுப் பொறுத்து மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

முதலாளி சிவநேசம் பாணுக்குப் பிசைந்த மாவுக் கையோடு வந்தார். “பிள்ளை, காலமையிலயிருந்து இது நாலாந்தரம். சனம் பயந்து போனை வைக்குது. இன்னொருக்கா ஓவர் எண்டா, நாளைக்கு வராதை.”

தலையாட்டினாள். வேறு வேலை தர ஊரில் ஆளில்லை. ஆனால் ஒன்பது வருடம் காட்டில் வோக்கி-டோக்கி பிடித்தவளுக்கு, அந்தச் சொல் இல்லாமல் பேச்சு முடிந்ததாகவே தோன்றாது. அப்போதெல்லாம் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். முகம் பார்த்ததில்லை. மழை நாட்களில் செய்தியைச் சொல்லி முடித்த பிறகும், சாப்பிட்டாச்சோ என்று கேட்கும். சண்டையின் கடைசி மாதத்தில் அது நின்றுபோனது.

மறுபடியும் மணி அடித்தது. முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

“வணக்கம், பேக்கரி. சொல்லுங்கோ” என்றவள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது:

“பத்து றாத்தல் பாண் வேணும். சாப்பிட்டாச்சோ? ஓவர்.”