சிவப்புத் தட்டு

"யோவ், அலையை விடுய்யா! உள்ள தூங்கிட்டியா?"

அலைக்குளத்துக்குள் நின்ற ஒருவன் கத்த, கூட இருந்த நூறு பேரும் சேர்ந்து ஊளையிட்டார்கள்.

கண்ணாடி அறைக்குள் இருந்த ஆபரேட்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பச்சை பட்டன்மேல் விரலை வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில் அவருக்குப் பட்டப்பெயர் 'பிரேக் அண்ணன்'. பத்து நிமிஷம் அலை விட்டால், அடுத்த பத்து நிமிஷம் குளத்தைச் சும்மா போட்டுவிடுவார். சில நாள் அதுக்கும் மேலே.

"இந்த மாசம் மட்டும் நாப்பத்தோரு புகார்மா" என்றார் மேனேஜர், புது சூப்பர்வைசரிடம். "அலை பார்க்க வர்றவங்க குட்டையைப் பார்த்துட்டுப் போறாங்க. நீ ஒரு ரிப்போர்ட் எழுது. அந்த ஆளைப் பார்க்கிங்குக்கு மாத்திடலாம்."

அவள் வேலையில் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. தம்பியின் படிப்பு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேளு. ஆனா சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் என் மேஜைல இருக்கணும்."

கண்ணாடி அறைக்குள் ஃபேன்கள் உறுமிக்கொண்டிருந்தன. சுவருக்குப் பின்னால் இருக்கும் தொட்டிகளுக்குள் அவை காற்றை அடிக்கும். காற்று அழுத்த, தண்ணீர் கீழ்வழியாகக் குளத்துக்குள் பாயும். காற்றை விட்டால் திரும்பி வரும். அலை என்பது அவ்வளவுதான்.

"ஏன் அண்ணே இவ்வளவு நேரம் நிறுத்தறீங்க?"

"அதோ, ஆழமான பக்கம் தரையில பதிச்ச ஒரு சிவப்புத் தட்டு தெரியுதா மேடம்?"

எட்டிப் பார்த்தாள். தண்ணீர் குலுங்கிக்கொண்டிருந்தது. "தெரியலையே."

"எனக்கும் தெரியலை. அதான் விடலை."

"தட்டு தெரியணும்னா?"

"தட்டு தெரிஞ்சா, தட்டுமேல ஆள் கிடந்தாலும் தெரியும். அலை ஆடறப்ப மேல டியூப், நுரை, கூச்சல். அடியில என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? முழுகறவன் கத்துவான்னு நினைக்கறாங்க. கத்தறதுக்கு மூச்சு வேணாமா?"

அவள் மறுபடியும் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முன்னாடி வேலை பார்த்த இடத்துல நான் தட்டெல்லாம் பார்த்ததில்லை மேடம். சிரிச்சாங்க, கைதட்டினாங்க, விட்டேன். மூணு தடவை அலை விட்டதுக்கப்புறம்தான் ஒரு அம்மா பிள்ளையைத் தேட ஆரம்பிச்சாங்க."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. தண்ணீர் அடங்கியது. சிவப்புத் தட்டு பளிச்சென்று தெரிந்தது. பட்டனை அழுத்தினார். குளமே ஆரவாரித்தது.

சாயங்காலம் அவள் ரிப்போர்ட் எழுதினாள். ஒரு வரியை நாலு தடவை அடித்துத் திருத்தினாள். மேனேஜர் படித்துவிட்டு, "'அலையை நிறுத்துகிறார்'னு மொட்டையா எழுதியிருக்கியே. 'தேவையில்லாமல்'னு சேர்த்துடு" என்றார்.

"சார், தரை தெரியாம அலை விடக்கூடாதுன்னு நம்ம பாதுகாப்பு விதியிலயே..."

"ஒன்பது வருஷமா இங்க ஒருத்தராவது முழுகியிருக்காங்களா?"

"இல்லை சார்."

"அப்புறம் என்ன? உன் வேலை வேணுமா, வேணாமா?"

சேர்த்தாள். கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் காலை ஆபரேட்டர் அந்தக் காகிதத்தை நின்றபடியே படித்தார். கோபப்படவில்லை.

"மேடம், 'தேவையில்லாமல்'ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட முடியுமா?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மேலிடத்துக்குப் போயிடுச்சு அண்ணே."

"சரி, விடுங்க" என்று கண்ணாடி அறைச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

அன்றிலிருந்து பார்க்கிங்கில் விசில் ஊதிக் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தார். "பாருடா, இங்கயும் பிரேக்குதான்!" என்று பையன்கள் சிரித்தார்கள்.

புது ஆபரேட்டர் பதினைந்து நிமிஷம் அலை விட்டான். மூன்றே நிமிஷம் இடைவெளி. புகார் ஒன்றுகூட வரவில்லை.

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மத்தியான டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆழமான பக்கம் போய் நிற்பாள். தலைகளை எண்ணுவாள். எண்பதைத் தாண்டும்போது அலை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட அவள் சிவப்புத் தட்டைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மேனேஜர் ஃபோன் பண்ணினார். குரலில் வழக்கமில்லாத குழைவு.

"ஒரு சின்ன விஷயம்மா. நாளைக்கு என் பொண்ணு, பேரப்பசங்களைக் கூட்டிட்டு அங்க வர்றா. ரெண்டும் வாலு. நீச்சலும் தெரியாது."

"சரி சார். லைஃப்கார்டுகிட்ட சொல்லி வைக்கறேன்."

"அது போதாது. அந்தப் பிரேக்கைக் கூப்பிட்டு அலை ரூம்ல உட்கார வை. அந்தப் புதுப்பையனை நம்பிப் பிள்ளைங்களைத் தண்ணில விட முடியாது."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டாள்.

"சார், 'தேவையில்லாமல்'னு எழுதித்தானே அவரை மாத்தினோம்?"

"அதை எதுக்கு இப்ப கிளறறே? நாளைக்கு ஒரு நாள்தானே. திங்கட்கிழமை காலைல அவர் பழையபடி பார்க்கிங்குக்குப் போயிடட்டும்."