கழித்துவிட்ட புத்தகம்

பழைய பேப்பர் லாரி கிளம்புவதற்குள், எழுபத்தெட்டு வயது சுவக்கீன் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார்.

“ஐயோ சாமி, இறங்குங்க! விழுந்து கிழுந்து வச்சா பிஷப்புக்கு நானா பதில் சொல்றது?” என்று அலறினாள், பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தின் நூலகர் ஜின்சி.

“கத்தாத தாயி. ஏறி வந்து மூட்டையை அவிழு.”

பத்து வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழிக்கச் சொல்லி உத்தரவு. சேதி தெரிந்து, தேவிகுளத்து முதியோர் இல்லத்திலிருந்து ஜீப் பிடித்து வந்திருக்கிறார் மனிதர். முப்பது வருடம் இங்கே மத்திய கால மெய்யியல் நடத்தியவர். எழுதியது ஒரே ஒரு புத்தகம். அது எடைக்குப் போனால் மனசு தாங்குமா? ஜின்சியும் ஏறினாள். மூன்றாவது மூட்டையில் அது கிடைத்தது.

“இந்தாங்க சாமி, உங்க புத்தகம்!”

அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓரமாகப் போட்டார்.

“இது போனா போகுது. மத்தியாஸ் சாமி எழுதினது எங்கன்னு பாரு.”

“உங்களைக் கிழிகிழின்னு கிழிச்சு எழுதினாரே, அவரா? அவர் செத்தும் உங்க சண்டை தீரலையா?”

கடைசி மூட்டையில் அதுவும் அகப்பட்டது. சாமியார் தூசியைத் துடைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வரிக்கு வரி எடுத்து வச்சுத் திட்டியிருக்காரு தாயி. என் புத்தகத்தை முழுசாப் படிச்ச ஒரே ஆள் அவருதான்.”