படங்கு கட்டிய மல்லன்

திரையில் வெளிச்சம் அணைந்தபோதே, இது பழைய மாதிரி இல்லை என்று ஜீவராஜுக்கு விளங்கிவிட்டது.

இந்த மல்யுத்த வீடியோ விளையாட்டின் பழைய பதிப்பில் இப்படி ஒன்றும் இல்லை. மல்லன் வருவான், மேடையேறுவான், அடிபாடு தொடங்கிவிடும். அவனுடைய ஊர் திரையின் மூலையில் எறும்பளவு எழுத்தில் கிடக்கும். ஒருவரும் வாசிப்பதில்லை.

இந்த வருடம் வந்த புதியதில் எல்லாம் மாறியிருந்தது. அரங்கம் இருண்டது. அறிவிப்பாளன் நடுவில் வந்து நின்று, அவசரமே இல்லாமல், இழுத்து இழுத்து ஆங்கிலத்தில் முழங்கினான்.

மஸ்கெலியாவிலிருந்து வருபவர், இராமர்.

வெள்ளவத்தையில் அந்த மூன்றாம் மாடி வீட்டின் ஹோல் முழுக்க அது கேட்டது.

கஜேந்திரன் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவன் ஜீவராஜ் விரும்பும் சாம்பவியின் அண்ணன். தகப்பன் இல்லாத வீடு. தங்கச்சியின் கலியாணத்துக்கு அவன் ஓம் என்றால்தான் ஓம். இன்றைக்குத்தான் முதல்முறையாக ஜீவராஜை வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, வாய் நிறைய மச்சான் என்றிருந்தான். பழைய விளையாட்டில் நீ செய்து வைத்த ஆளையே இதிலும் இறக்கு, பார்ப்போம் என்றவனும் அவன்தான்.

மச்சான் என்ற சொல்லின் குளிர்ச்சியில் ஜீவராஜ் யோசிக்காமல் இறக்கிவிட்டான்.

அந்த மல்லனைச் செய்தது கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் தனியாக இருந்த காலத்தில், ஊர் நினைப்பு வந்த ஒரு மழை நாளில். நரைத்த மீசை வைத்தான். ஒட்டிய கன்னம் வைத்தான். உடுப்புகளுக்குள் தேடிச் சாக்கு நிறத் துணி ஒன்றைப் பிடித்து இடுப்பில் கட்டிவிட்டான், கவ்வாத்து வெட்டத் தேயிலைக்குள் இறங்கும்போது அப்பா கட்டுகிற படங்கைப் போல. பெயரும் அப்பாவின் பெயர்தான், ஊரும் மலைநாட்டில் அவருடைய மஸ்கெலியாதான். படம் எடுத்து அனுப்பியபோது, என்னையப் போயி இம்புட்டுப் பலசாலியா ஆக்கிப்புட்டியே என்று அப்பா போனில் வெகுநேரம் சிரித்தார்.

அந்த மல்லன் ஒரு தடவையும் தோற்றதில்லை. ஜீவராஜ் தோற்க விட்டதில்லை.

ஆனால் இந்த வீட்டில் ஜீவராஜின் ஊர் வடக்கே வவுனியா. அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். ஆமா என்று வருவதை ஓம் என்று மாற்றிக்கொள்ளப் பழக்கியதே சாம்பவிதான். முதலில் அண்ணா சம்மதிக்கட்டும், பிறகு ஆறுதலாக உண்மையைச் சொல்லுவோம் என்பது அவளுடைய ஏற்பாடு. இப்போது அவள் ஹோலின் மூலையில் இருந்து தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன மச்சான், தோட்டக்காட்டான் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்றான் கஜேந்திரன். "பேர் வேற இராமர். வில்லைக் கொழுந்து மலையில வச்சிட்டு வந்திட்டாரோ?"

தோட்டத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. ஆனாலும் பகிடிதான். அவன் பொல்லாதவன் அல்லன். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

உண்மையாக யார் இந்த ஆள் என்று பிறகு கேட்டான்.

"ஒருத்தருமில்லை. சும்மா பகிடிக்குச் செய்தனான்."

சொன்ன வாய் மூடுமுன் மணி அடித்தது. அப்பா அடி வாங்கத் தொடங்கினார்.

புதியதில் மல்லர்கள் களைக்கிறார்கள். நாலு அடி விழுந்ததும் மூச்சு இரைக்கிறது. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறார்கள். மலையேறி வந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் அப்பா நிற்பதும் அப்படித்தான். ஜீவராஜ் கண்ணைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனான்.

கஜேந்திரனின் மல்லன் அப்பாவைச் சாய்த்து மேலே படுத்தான். முன்பென்றால் பொத்தான்களைக் கண்டபடி குத்தித் தப்பலாம். இப்போது ஒரு கோடு ஓடும். அது சரியான இடத்துக்கு வரும்போது ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். ஜீவராஜுக்கு அது பெரிய வித்தை இல்லை. பெருவிரலும் பொத்தானின் மேல்தான் இருந்தது.

தப்பினால் இந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் திரையில் நிற்பார். அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கதை வரும்.

அவன் அழுத்தவில்லை.

அப்பா மல்லாந்து கிடந்தார், படங்கு ஒரு பக்கம் விலகி.

புதியதில் சனத்துக்கும் வாய் கொடுத்திருந்தார்கள். தோற்றவன்மேல் இரக்கம் வந்தால் அவனுடைய ஊரைச் சொல்லிக் கூவுவார்கள். மஸ்-கெ-லி-யா, மஸ்-கெ-லி-யா என்று அரங்கமே கைதட்டியது. கஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஜீவராஜ் அவனைவிடக் கூடச் சிரித்தான். காது மட்டும் நெருப்பாகக் கொதித்தது.

தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழுந்து குசினிக்குப் போனான்.

அங்கே சாம்பவியின் தாய் நாகமணி தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றார். அவன் வந்ததிலிருந்து வாங்கோ, இருங்கோ என்பதற்குமேல் ஒரு சொல் சொல்லாத மனுசி. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் திரை நேராகத் தெரியும் என்பதை அவன் அப்போதுதான் கண்டான்.

அவர் கோப்பையை நீட்டினார். அவன் பிடித்த பிறகும் தன் கையை எடுக்கவில்லை. குரலைத் தணித்துக் கேட்டார்.

"எந்தத் தோட்டம்? மேக்கணக்கா, கீழ்க்கணக்கா?"

தோட்டத்தின் மேற்பிரிவையும் கீழ்ப்பிரிவையும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். யாரும் பழக்கி வருகிற பேச்சு இல்லை அது.

ஜீவராஜ் வாயைத் திறந்தான்.

"என்ன கணக்கம்மா?" என்று ஹோலிலிருந்து கஜேந்திரன் கேட்டான்.

"சீனிக் கணக்கு ராசா. தம்பிக்குச் சீனி காணுமோ, இன்னும் போடவோ எண்டு கேட்டனான்."

அந்த வடக்குப் பேச்சில் ஒரு பிசிறு இல்லை. ஒரு தடுக்கல் இல்லை. பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் எத்தனை காலம் பழகிய நாக்கோ.

ஜீவராஜ் ஒரு மிடறு குடித்தான். சீனியே போட்டிருக்கவில்லை.

"காணும், அன்ரி" என்றான், கஜேந்திரனுக்குக் கேட்கும்படி.