விரல் நுழையும் இடைவெளி

டயர் கடை வாசல் வெயிலில் அவன் மூன்றாவது முறையாகக் குனிந்து, பின்சக்கரத்தில் மாட்டிப் பார்க்கும் புது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்க்கிறான். நுழைகிறது. காருக்கு, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் பூட்டிய நாளிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிதித்தால் பழைய டயர் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. "இந்த அகல டயரே இருக்கட்டும், மாஸ்டர். இருநூத்தி எழுபத்தஞ்சு மில்லிமீட்டர்." மாஸ்டர் அசைந்துகொடுக்கவில்லை. மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்க்கிறார். "வெறும் வண்டியப் பாத்து முடிவு பண்ணக் கூடாது சார். வீட்டுல எல்லாரையும் பின்னாடி உக்காரச் சொல்லுங்க." கடை நிழலில் காத்திருந்த மனைவியும் இரண்டு மகள்களும் ஏற, கார் பெருமூச்சு விட்டு அமுங்குகிறது. மாஸ்டர் ஓரடி உருட்டுகிறார். சர்ரென்று ஒரு சத்தம். கறுப்பு ரப்பரில் வெள்ளைக் கோடு. "உரசுது. ஒரு சைஸ் குறைச்சே ஆகணும்." அவன் தகரத்தைத் தட்டுகிறான், சாவியைச் சுழற்றுகிறான், எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழிக்கிறான். "பின்சீட்டுல எப்பவாச்சும்தானே உக்காருறாங்க?" மனைவி கண்ணாடியை இறக்குகிறாள். "நாங்க வேணா இறங்கிக்கட்டுமா?" அவன் குனிந்து, மறுபடி டயருக்கு மேலே விரலை விட்டுப் பார்க்கிறான். உள்ளே, சின்ன மகள் சீட் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்கிறது.