டண்டினோங் பேப்பர்

"அந்த விமலாதேவியின்ர பேரை மட்டும் எடுக்காதை கல்யாணி! எல்லாத்துக்கும் அவதான் காரணம்."

லோயர் ராகவியின் அலுவலகத்தில் உட்கார்ந்ததுமே கதிர்காமநாதன் தொடங்கிவிட்டார். அவருடைய மனைவி கல்யாணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். இந்த மனிதரோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு எப்போது பேசக்கூடாது என்று தெரியாதா?

கிரான்பர்னில் முறுக்கும் மிக்சரும் செய்து மெல்பேர்ண் கடைகளுக்கெல்லாம் போடுகிறவர் கதிர்காமநாதன். மூன்று வருடத்துக்கு முன், இத்தாலிக் கம்பனி ஒன்றின் பைக்கற் போடும் மெஷினை வாங்கினார். அந்தக் கம்பனிக்கு மெல்பேர்ணிலேயே, டண்டினோங்கில் ஒரு துணைக் கம்பனி. அங்கே விற்பனையைக் கவனித்தவர்தான் விமலாதேவி.

போன மாதம் மெஷினுக்குள்ளே ஒரு பாகம் வெடித்துவிட்டது. செய்யும்போதே வந்த பிழை என்று மெக்கானிக் சொன்னார். புது மெஷின் கிடைக்காவிட்டால் தொழிற்சாலையை மூடவேண்டியதுதான். ஆறு பேர் அதை நம்பியிருக்கிறார்கள்.

புது மெஷின் கேட்டு எழுதியதற்குக் கம்பனி அனுப்பிய பதிலை ராகவி வாசித்தாள்.

"மெஷினை வித்தது இத்தாலித் தாய்க் கம்பனியாம் அங்கிள். அப்பிடியெண்டால் சர்வதேச விற்பனைச் சட்டம் வரும். ரெண்டு வருசத்துக்குள்ள பிழையைச் சொல்லியிருக்கவேணும். இப்ப மூண்டு வருசமாச்சு."

"டண்டினோங் கம்பனி வித்திருந்தால்?"

"வித்தவையும் இங்க, வாங்கின நீங்களும் இங்க. தாய்க் கம்பனி எந்த நாட்டில இருந்தாலும் அந்தச் சட்டம் வராது. இங்கத்தைச் சட்டம்தான். வழக்குப் போட ஆறு வருசம் ரைம் இருக்கு. ஒப்பந்தம் ஆரோட போட்டனீங்கள்?"

கதிர்காமநாதனின் குரல் இறங்கியது.

"டண்டினோங்கோடதான். நான் இத்தாலியோட போடத்தான் ஒற்றைக்காலில நிண்டனான். அவ விடவேயில்லை. எங்கட சனம் எங்கட சனத்தை மேல வர விடுமோ? அவவில முறைப்பாடு சொல்லி அவவின்ர மனேச்சருக்கு ரெண்டு பக்கத்தில பெட்டிசம் எழுதிப் போட்டனான்."

"ஐயோ அங்கிள், அவ உங்களைக் காப்பாத்தியிருக்கிறா! கம்பனியில சம்பளம் வாங்கிக்கொண்டு காரணத்தை வெளியில சொல்லேலுமோ? சரி, அந்த ஒப்பந்தத்தைத் தாங்கோ."

கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"தொலைச்சிட்டீங்களோ?"

"இத்தாலிக் கையெழுத்து எண்டால் பிரேம் போட்டு, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில மாட்டியிருப்பன்," என்று முணுமுணுத்தார். "டண்டினோங் பேப்பரை ஆர் வைச்சிருப்பினம்? எறிஞ்சிட்டன்."

ராகவி தலையில் கைவைத்தாள்.

"அவை தங்கட கொப்பியைக் காட்டப்போறதில்லை. பில்லிலயும் இத்தாலிப் பேர்தான் கிடக்கு. அந்த நேரம் எழுதின வேற கடிதம் ஒண்டும் இல்லையோ?"

கல்யாணி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முக்கால் மணித்தியாலத்தில் விமலாதேவி வந்து நின்றார். அந்தப் பெட்டிசத்தோடு வேலை போய், இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறார். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கதிர்காமநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை வேலையால நிப்பாட்டேக்க, இதுதான் காரணம் எண்டு இந்தக் கொப்பியையும் தந்தவை, தங்கச்சி."

விமலாதேவி நீட்டிய தாள்களை வாங்கி வாசித்த ராகவி சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"உங்கட பெட்டிசம் அங்கிள்! 'என்னை இத்தாலியோட ஒப்பந்தம் போட விடாமல், டண்டினோங் கம்பனியோடதான் போடவேணும் எண்டு இவ கட்டாயப்படுத்தினவா.' பின்னால மனேச்சர் உங்களுக்கு எழுதின பதில்: 'விற்பவர்கள் நாங்களே, இத்தாலி அல்ல.' வழக்குக்கு இதுவே காணும் அங்கிள். இனி அவை கதை மாத்தேலாது!"

கதிர்காமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தால் பாதி, நன்றியால் பாதி.

"உன்ர வேலைக்கு உலை வைச்ச கடிதம் பிள்ளை இது. கிழிச்செறியாமல் ஏன் வைச்சிருந்தனி?"

விமலாதேவி பெட்டிசத்தின் இரண்டாம் பக்கத்தில் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார்.

"'அந்த டண்டினோங் பேப்பர் எனக்குத் தேவையில்லை' எண்டு எழுதியிருக்கிறியள் அண்ணை. நீங்கள் எறிஞ்சுபோடுவியள் எண்டு தெரிஞ்சுது. உங்களுக்காக ஆராவது ஒரு பேப்பரை வைச்சிருக்கத்தானே வேணும்?"